ஆனா ஆவன்னா தெரியும், வாசிக்கத் தெரியவில்லை: ஐந்து வயதுப் பிள்ளைக்கு எழுத்தின் ஒலியைக் காட்டுவது

வெள்ளவத்தையில் வசிக்கும் தாய் ஒருவர் கேட்டிருப்பதன் சாரம் இது. ஐந்து வயது நிறையப்போகும் அவருடைய மகனுக்குக் கடந்த விஜயதசமியில் கோயிலில் ஏடு தொடக்கினார்கள். அப்பம்மா நாள்தோறும் சொல்லிக்கொடுப்பதால் உயிரெழுத்துகளையும் அதன்பின் க, ங, ச வரிசையையும் தடங்கலின்றி ஒப்புவிக்கிறான். முன்பள்ளியில் ஆங்கில எழுத்துகளை, ஒவ்வோர் எழுத்தையும் அதன் ஒலியால் அறிமுகப்படுத்தும் பொனிக்ஸ் முறையில் கற்பிக்கிறார்கள். ஆயினும் 'மரம்' என்று எழுதிக் காட்டினால், "மானா, ரானா, இம்" என்று சொல்லிவிட்டு, "சேர்த்துச் சொல்லு" என்றதும் தாயின் முகத்தைப் பார்க்கிறான். இரண்டு மொழிகளும் சேர்ந்து பிள்ளையைக் குழப்புகின்றனவா, எங்கிருந்து தொடங்குவது, அப்பம்மாவின் பாடத்தை நிறுத்தச் சொல்லலாமா என்பன அவருடைய மூன்று கேள்விகள். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கொழும்பில் ஆரம்பப் பிரிவு வகுப்புகளில் கற்பித்து ஓய்வுபெற்றவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

உங்கள் மகன் குழம்பவில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அவனுக்கு எது கற்பிக்கப்பட்டதோ அதைத்தான் அவன் பிழையின்றிச் செய்கிறான். அவனுக்குக் கற்பிக்கப்பட்டவை எழுத்துகளின் பெயர்கள். அந்தப் பெயர்களை எவ்வளவு விரைவாகச் சொன்னாலும் மரம் என்ற சொல் பிறக்காது. ஆனா, ஆவன்னா, கானா, மானா என்பவை பெரியவர்கள் எழுத்துகளைப் பற்றிப் பேசிக்கொள்வதற்காக ஏற்பட்ட பெயர்கள். ஆங்கிலத்திலும் சீ, ஏ, டீ என்ற பெயர்களை ஒன்றாகச் சேர்த்தால் பூனையைக் குறிக்கும் சொல் வராது. பெயருக்கும் ஒலிக்கும் இடையில் உள்ள இந்த இடைவெளியைப் பிள்ளை தானாகத் தாண்டிவிடும் என்று எதிர்பார்ப்பதே நம் வீடுகளில் காலங்காலமாக நடந்துவருகிறது. பல பிள்ளைகள் தாண்டியும் விடுகிறார்கள், தாண்டாத பிள்ளைக்கு 'மக்கு' என்று பெயர் சூட்டிவிடுகிறோம்.

பொனிக்ஸ் முறை இந்த இடைவெளியைத்தான் குறிவைக்கிறது. அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000 ஆம் ஆண்டிலும், பிரித்தானியாவில் ஜிம் ரோஸ் தலைமையிலான மீளாய்வு 2006 ஆம் ஆண்டிலும், எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பை ஒழுங்குமுறையாகவும் வெளிப்படையாகவும் கற்பிக்க வேண்டும் என்று முடிவு கூறியபின் அது உலகெங்கும் பரவியது. நம் நாட்டு முன்பள்ளிகள் சிலவற்றிலும் பயன்படும் ஜொலி பொனிக்ஸ் என்ற பாடத்திட்டம் 42 ஒலிகளைக் கற்பிக்கிறது, அவற்றுள் முதலில் வருபவை எஸ், ஏ, டீ, ஐ, பீ, என் ஆகிய ஆறு எழுத்துகளின் ஒலிகள். அகரவரிசையை ஒதுக்கிவிட்டு இந்த ஆறையும் முதலில் எடுப்பதற்குக் காரணம், இவற்றைக் கொண்டே பிள்ளை பல சொற்களை வாசித்துவிட முடியும் என்பதுதான். தமிழுக்குக் கடன் வாங்கத்தக்கது இந்தத் தத்துவம் மட்டுமே, அந்த முறையை அப்படியே கொண்டுவந்து ஒட்டினால் ஒட்டாது.

ஏனென்றால் ஆங்கில எழுத்து பெரும்பாலும் தனி ஒலியைக் குறிக்கிறது, தமிழ் உயிர்மெய்யோ ஒரே வடிவத்துக்குள் மெய்யையும் உயிரையும் அடக்கிவைத்திருக்கிறது. 'படம்' என்ற சொல்லில் எழுத்துகள் மூன்று, ஒலிகள் ஐந்து. ப் என்ற ஒலியும் அ என்ற ஒலியும் ப என்ற ஒற்றை வடிவத்தில் ஒளிந்திருப்பதை நான்கு வயதுப் பிள்ளையிடம் பிரித்துக்காட்டினால் அதற்கு விளங்காது, விளங்க வேண்டிய தேவையும் அந்த வயதில் இல்லை. பிள்ளையின் காது முதலில் பிடிப்பது அசையைத்தான், ப என்பது அந்த அசைக்கு மிக நெருக்கமாக நிற்கிறது. இது நம் எழுத்து முறை நமக்குத் தந்திருக்கும் பெரிய வசதி. ஆனால் அதற்கு ஒரு விலையும் உண்டு. ஆங்கிலப் பிள்ளை 26 வடிவங்களோடு தப்பித்துவிடுகிறது, நம் பிள்ளைக்கு 247 காத்திருக்கின்றன, அவற்றோடு ஜ, ஷ, ஸ, ஹ போன்ற கிரந்த எழுத்துகளும் சேர்கின்றன. இதே அமைப்புடைய கன்னட எழுத்தைக் கற்கும் சிறுவரைப் பற்றிச் சொனாலி நாக் 2007 இல் வெளியிட்ட ஆய்வும் இதையே சொல்கிறது: எழுத்துகளின் முழுத் தொகுதியைக் கைவரப்பெற ஆங்கிலத்தைவிட நீண்ட காலம் எடுக்கிறது, தனி ஒலிகளைப் பிரித்தறியும் திறனும் மெதுவாகவே மலர்கிறது. ஆகவே அயல்வீட்டுப் பிள்ளை ஆங்கிலக் கதைப் புத்தகம் வாசிப்பதைப் பார்த்து, உங்கள் மகன் தமிழில் பின்தங்கிவிட்டான் என்று கணக்குப் போடாதீர்கள்.

தொடங்க வேண்டிய இடம் காது. கொப்பியையும் பென்சிலையும் இரண்டு வாரத்துக்கு மேசையில் வைக்கவே வேண்டாம். சொற்களைத் துண்டாக்கிக் கை தட்டச் சொல்லுங்கள்: வா-ழை, ம-ர-வள்-ளி, தோ-டம்-ப-ழம். பிறகு, "மாமா, மாடு, மீன் இவற்றில் எது வேறு ஒலியில் தொடங்குகிறது?" என்று கேளுங்கள். அதன்பின் குறிலையும் நெடிலையும் பழக்குங்கள், தமிழில் வாசிப்பின் பாதி அங்கேதான் இருக்கிறது. பல், பால், கல், கால், விடு, வீடு, முடி, மூடி, தொடு, தோடு, எடு, ஏடு. குறிலுக்கு ஒரு நொடி, நெடிலுக்கு இரண்டு நொடி என்று விரலைச் சொடுக்கிக்கொண்டே சொன்னால் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே பிடித்துக்கொள்வார்கள். மாத்திரைக்குக் கண்ணிமைப்பையும் கைந்நொடியையும் அளவாகத் தொல்காப்பியம் சொல்லியிருப்பதால், இது நான் கண்டுபிடித்த விளையாட்டு என்று உரிமை கோரவும் முடியாது.

எழுத்தைக் கையில் எடுக்கும் நாள் வரும்போது, வேறு பல மொழிகளுக்கு வாய்க்காத ஒரு வாசல் தமிழில் திறந்தே இருக்கிறது. நம்மிடம் ஓரெழுத்துச் சொற்கள் இருக்கின்றன. நன்னூல் 42 என்று எண்ணிக்கை சொல்கிறது (ஜொலி பொனிக்ஸின் எண்ணும் அதுவே என்பது வேடிக்கையான ஒற்றுமை). அவற்றுள் பல இன்று வழக்கில் இல்லை. ஆனால் பூ, கை, வா, போ, தா, நீ, பை, தீ, மா ஆகியவை எந்தப் பிள்ளைக்கும் தெரிந்தவை. 'வா' என்று எழுதிய கடதாசியைக் காட்டியதும் பிள்ளை எழுந்து உங்களிடம் வர வேண்டும், 'போ' என்றதும் ஓட வேண்டும், 'தா' என்றதும் கையில் உள்ளதைத் தர வேண்டும். அன்றைக்கே அவன் வாசித்துவிட்டான். எழுத்தைப் பார்த்தால் பொருள் பிறக்கிறது என்ற அனுபவம் முதல் நாளிலேயே கிடைத்துவிட்டால், பின்னால் வரும் சலிப்பான பயிற்சிகளையும் பிள்ளை பொறுத்துக்கொள்ளும்.

அடுத்ததாக ம, ப, ட ஆகிய மூன்றை எடுங்கள். இவற்றின் வடிவங்கள் எளியவை, படம், மடம், பட்டம், மட்டம் என்று உடனே சொற்களும் கிடைக்கின்றன. அரவு என்றும் சொல்லப்படும் காலைச் சேர்த்தால் மாமா, பாடம், மாடம் வரும். ல், ண், க என்பவற்றை ஒவ்வொன்றாகக் கூட்டினால் பால், பல், கால், கல், கண், பாண், பக்கம் என்று பட்டியல் தானே நீளும். பாணும் பாலும் மேசையில் இருக்கும்போதே அந்தச் சொற்களை எழுதிக் காட்டலாம். இகரத்துக்குரிய விசிறி வந்ததும் மாமி, பாட்டி, மாடி கிடைக்கின்றன. ங, ஞ போன்றவற்றுக்கு இப்போது எந்த அவசரமும் இல்லை. அகரவரிசையின் இரண்டாவது மெய்யாக நிற்பதனாலேயே ங வரிசை பன்னிரண்டையும் ஒரு வாரம் எழுதவைத்த வகுப்புகளை நான் பார்த்திருக்கிறேன். ஙெ, ஙே, ஙொ என்று தொடங்கும் எந்தச் சொல்லை அந்தப் பிள்ளை தன் வாழ்நாளில் வாசிக்கப்போகிறது என்பதை யாரும் கேட்கவில்லை.

புள்ளி எழுத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், 'மரம்' என்பதில் உங்கள் மகன் தடுமாறுவது அங்கேதான். ம் என்பதை "இம்" என்று தனியே சொல்லப் பழகிய பிள்ளை, அதைத் தனித்து நிற்கும் இன்னோர் எழுத்தாகவே எண்ணுகிறது. தமிழ்ச் சொல் எதுவும் புள்ளி எழுத்தில் தொடங்குவதில்லை. இக்காலத்தில் பிள்ளைகளுக்கு வைக்கும் 'ப்ர', 'க்ர' பெயர்களை விட்டுவிடுங்கள். ஆகவே புள்ளி எழுத்து எப்போதும் தனக்கு முன்னால் நிற்கும் எழுத்தின் தோளில் சாய்ந்தே நிற்கும். என் வகுப்பில், "புள்ளி வைத்தவருக்குத் தனியே நிற்க முடியாது, முன்னால் நிற்பவரைப் பிடித்துக்கொள்வார்" என்று சொல்வேன். ர, ம் என்று பிரிக்காமல் 'ரம்' என்ற ஒரே துண்டாகச் சொல்லவைத்து, அதன் முன்னால் ம வைத்தால் மரம் வந்துவிடும். பக்கம் என்பதை ப, க், க, ம் என்று நான்காக உடைக்காமல் பக்-கம் என்று இரண்டாகக் கேட்க வேண்டும். எழுத்துக் கூட்டி வாசித்தல் என்று நம்மவர்கள் பொருத்தமாகத்தான் பெயர் வைத்தார்கள், கூட்டலைக் கற்பிக்காமல் எழுத்தை மட்டும் கற்பித்துவிட்டு நிறுத்திவிடுகிறோம்.

வல்லின எழுத்து இடத்துக்கேற்ப ஒலி மாறுவது அடுத்த சிக்கல். கடல், பக்கம், தங்கம், காகம் ஆகியவற்றில் ககரம் ஒரே மாதிரி ஒலிப்பதில்லை: சொல்லின் முதலிலும் இரட்டிக்கும்போதும் வன்மையாகவும், மெல்லினத்தை அடுத்து வரும்போது அதிர்வுடனும், இரண்டு உயிர்களுக்கு நடுவே மெலிந்தும் ஒலிக்கிறது. பம்பலப்பிட்டி என்ற பெயரில் ம்ப, ப்பி ஆகிய இரண்டு இடங்களையும் சொல்லிப் பாருங்கள், நான் சொல்வது விளங்கும். கொழும்பில் வளரும் பிள்ளைக்கு இது கூடுதலாக உறுத்தக் காரணம் உண்டு. சிங்களத்தில் இந்த வன்மைக்கும் அதிர்வுக்கும் வெவ்வேறு எழுத்துகள் இருக்கின்றன, ஆங்கிலத்திலும் அப்படியே. முதலாந்தரத்தில் ஒரு சிறுமி என்னிடம், "ரீச்சர், தமிழ் ஆக்களுக்கு எழுத்து முடிஞ்சுபோச்சா?" என்று கேட்டாள். இதற்கு விதி சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. காகம் என்பதை முதலில் வன்மையாக வாசிக்கும் பிள்ளை, தன் வாயிலிருந்து வந்தது காதில் விழுந்ததும், தான் நாள்தோறும் கேட்கும் பறவையின் பெயர் அது என்று கண்டு தானே திருத்திக்கொள்ளும். ஆனால் இந்தத் திருத்தம் நடப்பதற்கு அந்தச் சொல் ஏற்கெனவே அதன் காதில் இருந்திருக்க வேண்டும். தொடக்கத்தில் பிள்ளைக்குத் தெரிந்த சொற்களை மட்டுமே வாசிக்கக் கொடுக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். உம்மா, வாப்பா என்று அழைக்கும் வீட்டுப் பிள்ளைக்கு அவைதான் முதற்சொற்களாக இருக்க வேண்டும்.

ற்ற, ன்ற என்பவற்றையும் தனித்தனியே ஒலித்துக் கூட்டச் சொன்னால் காற்று, வெற்றிலை, கன்று ஆகியவை ஒருபோதும் கிடைக்கா. இவற்றை ஒரு சோடியாகவே அறிமுகப்படுத்துங்கள். யாழ்ப்பாணத்து வழக்கில் இந்த றகர இரட்டை ஆங்கில டீயின் ஒலிக்கு மிக அண்மையில் நிற்பதால்தான் நம்மவர் 'ரீவி' என்றும் 'ரொறன்ரோ' என்றும் எழுதினார்கள். அதே வீட்டில் தொலைக்காட்சியில் 'டிவி' என்று வருவதைப் பார்க்கும் பிள்ளை எது சரி என்று கேட்டால், இரண்டு விதமாகவும் எழுதுவார்கள் என்று சொல்லிக் கடந்துவிடுங்கள். ழகரமும் அப்படியே. நம்மில் பலர் பழத்தையும் பள்ளத்தையும் ஒரே ளகரத்தால்தான் சொல்கிறோம். நாம் பேசாத ஒலியைப் பிள்ளை எழுத்தில் பிரித்தறிய வேண்டும் என்று கண்டிப்பது நியாயமில்லை, அது நாளடைவில் கண்ணால் பழக வேண்டியது. பல்லி, பள்ளி, மனம், மணம், கரை, கறை ஆகியவற்றை ஏழு வயதில் பார்த்துக்கொள்ளலாம்.

உயிர்க்குறிகளில் எனக்கு அனுபவத்தில் படிந்த ஒழுங்கு ஒன்று உண்டு. கால் முதலில் வரட்டும். ஆனால் காலும் ரகரமும் பிள்ளையின் கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும் என்பதை மறவாமல், 'கா'வையும் 'கர'வையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். விசிறியும் சுழித்த விசிறியும் அடுத்து. எகர, ஏகார, ஐகாரக் குறிகள் ஒலியில் பின்னால் வந்து எழுத்தில் முன்னால் நிற்பவை. பிள்ளை இடமிருந்து வலமாகக் கண்ணை ஓட்டும்போது கொம்பையே முதலில் சந்திக்கிறது, அதற்கு ஒலி சொல்ல முடியாமல் நிற்கிறது. "கொம்பைக் கண்டால் அடுத்த எழுத்தையும் பார்த்துவிட்டு வாயைத் திற" என்பதே இதற்கான பயிற்சி. ஒகர, ஓகாரம் இரண்டு பக்கமும் சூழ்ந்து நிற்பதால் அதற்குப் பின்னர். உகர, ஊகாரத்தைக் கடைசிக்கு விடுகிறேன்: கு, சு, டு, து, பு, மு, ரு என்று ஒவ்வொன்றும் வெவ்வேறு விதமாக வளைவதால் அங்கே விதி உதவாது, ஒவ்வொன்றாகவே அறிமுகம் செய்ய வேண்டும். 'பூ' மட்டும் விலக்கு, அதை முதல் நாளே படமாகக் கற்றுவிட்டான். ஔகாரம் வரவே வேண்டாம். அதிலுள்ள சிறகு ளகரத்தைப் போலவே இருப்பது பெரியவர்களையே ஏமாற்றுகிறது.

ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம் போதும், சமையலறையிலும் வீதியிலும் நடப்பது அந்தக் கணக்கில் சேராது. சீனி, உப்பு, மா, பருப்பு என்று போத்தல்களில் நீங்களே எழுதி ஒட்டுங்கள். வெளியே போகும்போது 'காலி வீதி' என்ற பலகையை வாசிக்கச் சொல்லுங்கள்: கா, லி, வீ, தி என்று நான்கு உயிர்மெய்கள், ஒரு புள்ளிகூட இல்லை. இத்தனை நல்ல முதற்பாடம் உங்கள் வாசலிலேயே நிற்கிறது. 'வெள்ளவத்தை' அடுத்த தவணைக்கு. 'கொழும்பு' என்பதோ சூழ்ந்து நிற்கும் ஒகரம், ழகரத்தோடு சேர்ந்த உகரம், புள்ளி, மெல்லினத்தின் பின் ஒலி மாறும் பகரம் என்று எல்லாச் சிக்கல்களையும் நான்கெழுத்தில் அடக்கிக்கொண்டிருக்கிறது. அதைப் பிள்ளை உதவியின்றி எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டால் எனக்கு வேறு பரீட்சை தேவையில்லை. கண்ணுக்குப் பழகிய பலகையாக அடையாளம் கண்டு சொல்வதை மட்டும் வாசிப்பென்று ஏற்காதீர்கள், எழுத்துகளை மூடித் திறந்து பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

ஆங்கிலமும் தமிழும் சேர்ந்து கெடுக்குமா என்ற கேள்விக்கு, கெடுக்காது என்பதே என் பதில். ஒலிகளைக் கூட்டினால் சொல் பிறக்கும் என்ற அறிவு ஒரு மொழியில் வந்தால் மற்றதிலும் பயன்படும். முன்பள்ளியில் ஒலிகளைப் பிரிக்கப் பழகிய பிள்ளைகள் க் உடன் ஆ சேர்ந்தால் கா என்பதை மற்றவர்களைவிட விரைவில் பிடித்துக்கொள்வதை நான் கண்டிருக்கிறேன். ஒரே அமர்வில் இரண்டையும் கலக்காதீர்கள், தமிழ் ஒலியை ஆங்கில எழுத்தில் எழுதிக் காட்டாதீர்கள், அவ்வளவே. வீட்டில் தமிழ்ப் பேச்சு குறைந்துபோவதுதான் மெய்யான ஆபத்து. காதில் இல்லாத சொல்லை எந்த முறையாலும் வாசிக்க வைக்க முடியாது.

இவற்றைப் பொறுமையாகச் செய்தும் முதலாந்தரத்தின் இறுதியிலும் இரண்டெழுத்துச் சொல்லைக் கூட்ட முடியாமல் இருந்தால், முதலில் காதையும் கண்ணையும் வைத்தியரிடம் சோதித்துவிடுங்கள். அடிக்கடி காதில் நீர் கோத்த பிள்ளையைச் சோம்பேறி என்று ஆண்டு முழுவதும் ஏசியவர்களை எனக்குத் தெரியும்.

அப்பம்மாவை நிறுத்தச் சொல்ல வேண்டாம். ஏடு தொடக்கியபோது அரிசியில் பிள்ளையின் விரலைப் பிடித்து அகரத்தை வரைந்தபடியே அதன் ஒலியையும் வாயால் சொல்லவைத்தார்களே, வடிவமும் ஒலியும் விரலும் ஒரே கணத்தில் சேர்ந்த அந்தப் பாடம் எந்தப் பொனிக்ஸுக்கும் குறைந்ததன்று. அடுத்த நாள் அது கொப்பியில் பார்த்தெழுதும் வேலையாக மாறியதுதான் பிழை. சுளகில் அரிசியைப் பரப்பி அவரே தொடர்ந்து செய்யட்டும். மானா என்பதற்குப் பதிலாக ம என்று மட்டும் சொல்லச் சொல்லுங்கள். இன்னொன்று: அவர் காலத்தில் லை, னை, ணை, ளை ஆகியவற்றை யானைத் துதிக்கை போன்ற வளைவுடனும், ணா, றா, னா ஆகியவற்றைச் சுழித்தும் எழுதினார்கள். தமிழ்நாட்டு அரசு 1978 இல் அவற்றை மாற்றியபின் இன்றைய வடிவங்கள் இங்கும் நிலைபெற்றுவிட்டன. பழக்கத்தில் அவர் கை பழைய வளைவையே போடக்கூடும். 'மாலை' என்று எழுதத் தொடங்கும் முன்னர் அவருக்கு அதை ஒருமுறை மெதுவாக நினைவூட்டுங்கள்.